எக்சாஸ்ட் மேனிஃபோல்டு: கனமான எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் ஆர்கான் வெல்டிங், உள்ளே கருகுகிறது, ஓரத்தில் விரிசல் விடுகிறது

மண்டபம் பட்டறை:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மண்டபத்தில் வடகடல் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். கரண்ட் வெல்டிங் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது, ஆர்கான் செட் நான் வந்தபிறகு வாங்கியது. 200 ஆம்பியர் இன்வெர்ட்டர், சிங்கிள் பேஸ். போட்டுக்குக் கைப்பிடி, தண்ணீர் டேங்க், ஓட்டலுக்கு மேஜை என்று எஸ்.எஸ். தகட்டில் கை நன்றாகப் பழகிவிட்டது. கனமான பைப் என்று வந்தால்தான் தடுமாறுகிறது.

வேலை இதுதான். ஒரு சம்மாட்டியின் (படகு முதலாளி) விசைப்படகு, ஆறு சிலிண்டர் டீசல். எல்லா சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு பிளந்துவிட்டது. எஞ்சின் பழசு, ஸ்பேர் தேடியும் கிடைக்கவில்லை. "பைப்பிலேயே செய்து கொடுத்துரு தம்பி" என்றார். 2 இஞ்ச் 304 எஸ்.எஸ்., ஷெட்யூல் 40 கனம், எல்போவும் (வளைவுத் துண்டு) அதே கனம். எஞ்சினோடு போல்ட் போடும் ஃபிளாஞ்சு 12 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட், ஆறு சிலிண்டரின் புகை ஓட்டைக்கும் சேர்த்து ஒரே துண்டு.

பைப்பை கட்டிங் வீலில் நேராக வெட்டி, முகத்தோடு முகம் ஒட்டவைத்து, 140 ஆம்பியரில் ஒரே ஓட்டமாக ஓட்டுகிறேன். டங்ஸ்டன் ஊசி 2.4 மி.மீ., கேஸ் வரும் கப் 5ஆம் நம்பர், ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) எல்லா இடத்துக்கும் 308எல். கடல் காற்று இருப்பதால் கேஸை நிமிடத்துக்கு 20 லிட்டரில் வைத்திருக்கிறேன்.

வெளியே பார்த்தால் மோசமில்லை, ஆனால் பளபளப்பு இல்லாமல் சாம்பல் நிறம். உள்ளே டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் கறுப்பாகப் பொரிந்து நிற்கிறது. பைப்பின் அடிப்பக்கம் வெல்டு செய்யும்போது உள்ளே பள்ளம் விழுகிறது. மாட்டிக் கடலுக்குப் போய் வந்தபின் ஃபிளாஞ்சை ஒட்டி வெல்டு ஓரத்தில் முடி மாதிரி விரிசல்.

ஆம்பியர் எவ்வளவு வைக்கலாம், கை எப்படி ஓட்டலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் வேறு ஒன்று செய்து கொடுத்தாக வேண்டும்.

பாம்பன் போட்டுக்காரன்:

தம்பி, எஸ்.எஸ். எதுக்கு? எம்.எஸ். ஷெட்யூல் 40 எடு, 7018 ராடு போட்டு கரண்ட் வெல்டிங் அடி, மேலே சில்வர் பெயின்ட் அடி, வேலை முடிந்தது. எங்கள் போட்டில் அப்படித்தான் ஓடுகிறது. ஆர்கான், 308எல் எல்லாம் சம்மாட்டிக்குச் செலவு.

கீழக்கரை 6ஜி:

மண்டபம் தம்பிக்கு. நீங்கள் ஆம்பியரைக் கேட்டிருக்கிறீர்கள். எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஆர்க் அடிப்பதற்கு முன்னாலேயே முக்கால்வாசி கெட்டுவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் ஜுபைல் பக்கம் ரிஃபைனரி ஷட்டவுன்களில் பைப் வெல்டராக இருந்தவன். அங்கே ஒவ்வொரு ஜாயிண்டும் எக்ஸ்ரேக்குப் போகும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபிலிமில் உள்பக்கம் சரியில்லை என்றால் வெட்டி எறியச் சொல்வார்கள். அதனால் எனக்குப் பைப்பின் உள்ளே பார்க்கும் புத்தி வந்துவிட்டது. நீங்களும் டார்ச் லைட் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள், பட்டறைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் செய்வதில்லை.

முதலில் பைப் முகம். 2 இஞ்ச் ஷெட்யூல் 40 என்றால் சுவர் 3.9 மி.மீ. இந்தக் கனத்தை முகத்தோடு முகம் ஒட்டவைத்து ஒரே ஓட்டத்தில் கீழ்வரை உருக்கவேண்டும் என்றால் 140 ஆம்பியர் தேவைப்படத்தான் செய்யும். அந்தச் சூட்டில் உருகிய உலோகக் குட்டை பெரிதாகி, பைப்பின் அடிப்பக்கம் வரும்போது தன் எடையிலேயே வெளிப்பக்கமாக இறங்கும். வெளியே உப்பி, உள்ளே பள்ளமாகும். அதுதான் உங்களுக்கு நடக்கிறது. ஆம்பியரைக் குறைத்தால் பள்ளம் போகும், ஆனால் வேர் (ஜாயிண்டின் உள்பக்க அடி) உருகாது. பெவல் போடாமல் (முனையைச் சரிவாகத் தேய்க்காமல்) இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர வழியில்லை.

ஒவ்வொரு பைப் முனையிலும் 35 டிகிரி வாக்கில் பெவல் அடியுங்கள், இரண்டும் சேர்ந்தால் 70 வரும். முனையைக் கத்தி மாதிரி விட்டுவிடாமல் 1 முதல் 1.5 மி.மீ. வரை தட்டையாக வையுங்கள். இரண்டு பைப்புக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி. 2.4 ஃபில்லர் கம்பி அந்த இடைவெளிக்குள் கொஞ்சம் தளர்ச்சியாகப் போய்வரவேண்டும், அதுதான் கணக்கு. உள்பக்கமும் ஓர் அங்குலத்துக்கு அழுக்கு, பிசிறு எல்லாம் எடுத்துவிட்டு அசிட்டோன் துணியால் துடையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், ஆர்க் வெளிச்சம் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

எம்.எஸ்.ஸில் ஓட்டிய கிரைண்டிங் வீலையும் கம்பி பிரஷ்ஷையும் எஸ்.எஸ்.ஸில் வைக்காதீர்கள். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு நம் ஊர் உப்புக்காற்றில் சீக்கிரமே செம்புள்ளி விடும், சம்மாட்டி வந்து "இது எஸ்.எஸ்.தானா?" என்று கேட்பார்.

டாக் (பைப்பைப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) நான்கு இடத்தில். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் கிரைண்டரில் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், வேர் ஓட்டம் அதில் ஏறி இறங்கும்போது முட்டாமல் உருகிச் சேரும்.

அடுத்தது அந்தக் கறுப்புப் பொரி. உள்ளே சூடான எஸ்.எஸ்.ஸில் காற்று பட்டால் குரோமியம் எரிந்து அப்படித்தான் பொரியும். கம்பெனியில் சுகரிங் என்பார்கள். மேனிஃபோல்டில் இது வெறும் அசிங்கம் மட்டுமில்லை. அந்தப் பொரிக்குள்ளே ஊசி ஊசியாக வெடிப்பு இருக்கும், எஞ்சின் அதிர்வுக்கு விரிசல் அங்கிருந்து கிளம்பும். பொரி உதிர்ந்து எக்சாஸ்ட்டோடு போகும். டர்போ எஞ்சினாக இருந்தால் நேராக டர்பைன் விசிறிக்குத்தான் போய்ச் சேரும்.

இதற்கு ஒரே மருந்து உள்ளேயும் ஆர்கான் விடுவது. செலவு என்று பயப்படவேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 இஞ்ச் ஷெட்யூல் 40 பைப்பின் உள்விட்டம் 52.5 மி.மீ. ஒரு மீட்டர் பைப்புக்குள் 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் கொள்ளும். அதில் ஐந்து மடங்கு ஆர்கான் விட்டுக் காற்றைத் தள்ளினாலும் 11 லிட்டர். 7 கன மீட்டர் சிலிண்டரில் 7000 லிட்டர் இருக்கிறது. காற்றுக்குப் பயந்து கப்பில் 20 லிட்டர் திறந்துவிடுகிறீர்களே, உண்மையான விரயம் அது.

செய்முறை: திறந்த வாய்களை அலுமினிய டேப்பால் அடையுங்கள். வெல்டு செய்யப்போகும் இடைவெளியையும் சுற்றி டேப் ஒட்டி, வேலை செய்யும் துண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம். அதனால் குழாயைத் தாழ்வான முனையில் செருகி, உயரமான முனையில் பென்சில் பருமனுக்கு ஓர் ஓட்டை விடுங்கள், காற்று மேலே ஏறி வெளியே போகும். அந்த ஓட்டையில் தீக்குச்சியைக் காட்டி, அணைந்தால் ஆரம்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆக்ஸிஜன் 16 சதவீதம் வாக்கில் இறங்கினாலே தீ அணைந்துவிடும், வெல்டுக்கு அது ஒரு சதவீதத்துக்கும் நன்றாகக் கீழே வரவேண்டும். தீ அணைந்தபிறகும் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். முதலில் 6 லிட்டர், ஆர்க் அடிக்கும்போது 3 லிட்டர். வேரின் கடைசித் துண்டு மூடும்போது இன்னும் குறையுங்கள், இல்லாவிட்டால் உள்ளழுத்தம் உருகிய குட்டையை உங்கள் பக்கம் ஊதித் தள்ளும்.

வெளிக் கேஸ் விஷயம். 5ஆம் நம்பர் கப் வாய் 8 மி.மீ. அதில் 20 லிட்டரைத் தள்ளினால் கேஸ் சுழன்று பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும், சாம்பல் நிறத்துக்கு அது ஒரு காரணம். கேஸ் லென்ஸ் (கேஸைச் சுழலாமல் நேராக விடும் வலை) வாங்குங்கள், கப் 8ஆம் நம்பர், ஃப்ளோ 10, 12 லிட்டர். காற்றை மறைப்பால்தான் நிறுத்தவேண்டும், கேஸால் முடியாது. தடைக்காலம் முடியும் தறுவாயில் மண்டபத்தில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தென்னங்கீற்று மறைப்புக்குள் காற்று நுழையும், தார்ப்பாய் கட்டுங்கள். மேஜையைச் சுற்றி மூன்று பக்கம் தகடு நிறுத்தினால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், என்ன செய்வது. ஆனால் எஸ்.எஸ். புகையில் குரோமியம் வரும், அதனால் முகமூடி போடுங்கள்.

இப்போது கை. வேருக்கு 80 முதல் 90 ஆம்பியர். பைப்பைத் திருப்பி வைக்க முடிந்தால் திருப்புங்கள், வீம்புக்கு நிலையாக வைத்துச் செய்யவேண்டாம். திருப்ப முடியாத ஜாயிண்டில் கடிகாரத்தில் 6 மணி இடத்தில் தொடங்கி ஒரு பக்கமாக 12 வரை ஏறுங்கள், பிறகு அடுத்த பக்கம். ஆர்க் பட்டதும் இடைவெளியின் இரண்டு உதடும் உருகிச் சாவித்துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை திறக்கும். கம்பியை அதற்குள் ஊட்டவேண்டும், அந்த ஓட்டை ஒரே அளவில் இருந்தால் உள்ளே ஒரே அளவில் வரும். அடிப்பக்கத்தில், 5 மணியிலிருந்து 7 மணி வரை, கம்பியை இடைவெளி வழியாக ஒரு நூல் உள்ளே தள்ளியே ஊட்டுங்கள். உள்பக்கப் பள்ளம் அங்கேதான் நிற்கும். ஓட்டை பெரிதாகிறது என்றால் சூடு அதிகம், நிறுத்திவிட்டுக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

நான் கப்பைப் பெவல் மேல் சாய்த்து ஆட்டி ஆட்டி நடத்துவேன். எல்போ கழுத்தில் கப் உட்காராது, அங்கே சுண்டு விரலைப் பைப்பில் ஊன்றிக் கையால் ஓட்டலாம். எது வசதியோ அது. அழகுக்காகக் கப் நடத்துகிறவர்கள் இன்டர்நெட்டில் நிறைய இருக்கிறார்கள், அந்த வீடியோ பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேல் ஓட்டம் 100 முதல் 115 ஆம்பியர். அதற்கு முன் வேர் ஆறவேண்டும். எஸ்.எஸ்.ஸில் அடுத்த ஓட்டம் தொடங்கும்போது பைப் 150 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடாமல் அப்படியே கொதித்து அடங்கவேண்டும். மேல் ஓட்டத்தின்போதும் உள்ளே ஆர்கான் போய்க்கொண்டே இருக்கட்டும், வேர் மறுபடி சிவக்கும். வைக்கோல் மஞ்சள் வந்தால் நல்லது, ஊதா வந்தால் பரவாயில்லை, சாம்பல் என்றால் சூடு அதிகம் அல்லது கேஸ் போதவில்லை.

முடிக்கும் இடம் முக்கியம். டக்கென்று ஆர்க்கைத் தூக்கினால் குழி விழுந்து, நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். உங்கள் இன்வெர்ட்டரில் டவுன்ஸ்லோப் (கரண்ட் மெல்ல இறங்கும் வசதி) இருந்தால் 4, 5 விநாடி வையுங்கள். இல்லை என்றால் கடைசியில் ஆர்க்கைப் பெவலின் பக்கச் சுவரில் ஏற்றி, ஒரு சொட்டுக் கம்பி கூடக் கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்தியபின் வெல்டிங் டார்ச்சை அசைக்காமல் கேஸ் நிற்கும்வரை பிடியுங்கள்.

டங்ஸ்டனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, 2.4 சரி. நீளவாக்கில் தீட்டுங்கள், டார்ச் நெகட்டிவில் இருக்கட்டும்.

ஃபிளாஞ்சு ஜாயிண்டுக்கு 308எல் தவறு. ஒரு பக்கம் எம்.எஸ்., ஒரு பக்கம் எஸ்.எஸ். என்றால் 309எல் போடவேண்டும். அதில் குரோமியமும் நிக்கலும் கூட இருப்பதால், எம்.எஸ். கலந்து நீர்த்தாலும் வெல்டு கடினப்பட்டு வெடிக்காது. 12 மி.மீ. பிளேட் சூட்டைக் குடிக்கும், அதனால் 130 வரை ஏற்றி, ஆர்க்கின் மூன்றில் இரண்டு பங்கைப் பிளேட் பக்கமே காட்டுங்கள்.

பாம்பன் அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தண்ணீர் கலக்காத டீசல் எக்சாஸ்ட்டுக்கு எம்.எஸ். கனமாகப் போட்டால் ஓடும். ஆனால் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில் சும்மா கிடக்கும், சூடே இல்லாமல் உப்பு ஈரத்தில் ஊறும், அப்போதுதான் எம்.எஸ். செதில் செதிலாக உரியும். புதுப் பாம்பன் பாலத்தில் எஸ்.எஸ். கம்பி போட்டு, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் அடித்திருக்கிறார்களே, இந்தக் காற்றுக்குப் பயந்துதானே. தம்பி பைப்பும் வாங்கியாகிவிட்டது, இனி எதற்கு அந்தப் பேச்சு.

ஒன்று சொல்லுங்கள் தம்பி. விரிசல் சரியாக எந்த இடத்தில்? எத்தனையாவது போர்ட் (சிலிண்டரின் புகை ஓட்டை)?

பாம்பன் போட்டுக்காரன்:

பாலத்தையும் சைலன்சரையும் ஒன்றாக்கிவிட்டீர்களே கீழக்கரை காக்கா (அண்ணன்). சரி, ஈரத்தில் உரியும் என்பது உண்மைதான், எங்கள் போட்டில் ஒருதரம் மாற்றியிருக்கிறோம்.

மண்டபம் பட்டறை:

காக்கா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. சொன்னபடி மிச்சமிருந்த துண்டுப் பைப்பில் பெவல் அடித்து, டேப் ஒட்டி ஆர்கான் விட்டு, 85 ஆம்பியரில் வேர் ஓட்டிப் பார்த்தேன். குறுக்கே வெட்டிப் பார்த்ததில் உள்ளே வெள்ளையாகச் சின்னக் கரை மாதிரி எழும்பி நிற்கிறது, பொரி இல்லை. 6 மணி இடத்தில் மட்டும் இன்னும் ஏற்ற இறக்கம் இருக்கிறது.

விரிசல் முதல் போர்ட்டிலும் ஆறாவது போர்ட்டிலும்தான், நடுவில் இருப்பவற்றில் இல்லை. பைப் ஃபிளாஞ்சில் சேரும் இடத்தில், வெல்டில் இல்லை, வெல்டை ஒட்டிப் பைப் பக்கம். கழற்றிச் சமதளத்தில் வைத்தால் ஃபிளாஞ்சு ஆடுகிறது, இரண்டு முனையும் தூக்கி நிற்கிறது. மேனிஃபோல்டிலிருந்து மேலே போகும் சைலன்சர் பைப் கேபின் கூரையில் கிளாம்ப் போட்டிருக்கிறது, நடுவில் வேறு தாங்கல் இல்லை.

இன்னொரு சந்தேகம். மாலையில் வோல்டேஜ் குறையும்போது 85 வைத்தாலும் ஆர்க் சோர்ந்து போகிறது. அதற்கு ஆம்பியர் ஏற்றிக்கொள்ளலாமா?

தொண்டி டீசல்:

எனக்கு வெல்டிங் தெரியாது, எஞ்சின் வேலை. முதல் போர்ட், ஆறாவது போர்ட் என்று படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது. தம்பி, எந்த வெல்டர் வந்து செய்தாலும் உங்கள் மேனிஃபோல்டு அங்கேதான் விரியும்.

காரணம் நீட்சி. ஆறு சிலிண்டருக்கும் குறுக்கே ஓடும் தாய்ப்பைப் முக்கால் மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் இழுவையில் இருக்கும்போது அது 400 டிகிரியைத் தொடும். எஸ்.எஸ். இரும்பைவிட அதிகம் நீளும் உலோகம், இந்தச் சூட்டில் முக்கால் மீட்டர் பைப் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீண்டுவிடும். அது உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீரில் குளிர்ந்து 90 டிகிரியில் நிற்கும், அதன் நீட்சி அரை மி.மீ. சுற்றி. பாக்கி நாலரை மி.மீ. எங்கே போகும்? நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளும். நடுப் போர்ட்டுகளுக்கு ஒன்றும் தெரியாது, கடைசிப் போர்ட்டுகள் இரண்டும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மி.மீ.க்கு மேல் வளைந்து நிமிரவேண்டும். எஞ்சினை நிறுத்தினால் திரும்பச் சுருங்கும். வளையும் இடம் வெல்டின் ஓரம்.

பெரிய எஞ்சின்களில் கம்பெனிக்காரனே மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் ஜாயிண்ட் கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கும் இதே கவலை.

நீங்கள் செய்யவேண்டியது: ஃபிளாஞ்சை ஒரே துண்டாக விடாதீர்கள். போர்ட்டுக்குப் போர்ட் இடையில் அறுத்துவிடுங்கள், கேஸ்கட்டும் தனித்தனி. ஓரப் போர்ட்டுகளின் போல்ட் ஓட்டையை ஒன்றரை மி.மீ. பெரிதாக்கி, தடிமனான வாஷர் போடுங்கள், ஃபிளாஞ்சு நகர இடம் கிடைக்கும். தாய்ப்பைப்பை மூன்று மூன்று சிலிண்டராக இரண்டாகப் பிரித்து நடுவில் பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புக்குழாய்) வைத்தால் இன்னும் நல்லது. பெல்லோஸ் கிடைக்கவில்லை என்றால் வழுக்கு ஜாயிண்ட், கொஞ்சம் புகை கசியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேபின் கூரை கிளாம்ப்தான் இரண்டாவது வில்லன். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுகிறது, கேபின் ஆடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உங்கள் வெல்டு இழுபடுகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்தே ஒரு பிராக்கெட் எடுத்துச் சைலன்சர் பைப்பின் எடையைத் தாங்கவையுங்கள். அதற்கு மேலே ஒரு பெல்லோஸ். அதன்பிறகு கூரையில் எவ்வளவு கிளாம்ப் வேண்டுமானாலும் போடுங்கள்.

கீழக்கரை 6ஜி:

தொண்டிக்காரர் சொல்வதை அப்படியே செய்யுங்கள், ஒரு வரிசை மட்டும் மாறக்கூடாது. ஃபிளாஞ்சை முதலிலேயே ஆறு துண்டாக அறுத்துவிட்டு வெல்டு செய்தால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் திரும்பிக்கொள்ளும், பிறகு ஹெட்டில் உட்காராது. ஒரே துண்டாக வைத்தே எல்லா வெல்டையும் முடித்து, கடைசியில் அறுங்கள்.

வெல்டு செய்யும்போது ஃபிளாஞ்சைக் கனமான பிளேட் ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். 20 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படகு உடைக்கும் இடங்களில் பழைய இரும்பில் கிடைக்கும். பழைய சிலிண்டர் ஹெட் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை, ஸ்டட் அளவு அப்படியே கிடைக்கும். 1, 2, 3 என்று வரிசையாகப் போகாதீர்கள். 3, 5, 1, 4, 6, 2 என்று தாவிப் போங்கள், ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு நேரத்தில் கால்வட்டம்தான். எல்லாம் முடிந்து கையால் தொடும் சூட்டுக்கு வரும்வரை போல்ட்டைக் கழற்றக்கூடாது. பொறுமையில்லாமல் தண்ணீர் ஊற்றும் ஆட்கள் உண்டு, நீங்கள் அந்த வேலை செய்யாதீர்கள். கழற்றினாலும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். முகத்தை லேத் பட்டறையில் மில்லிங் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு மி.மீ. எடுத்தால் போதும். அதன்பிறகுதான் ரம்பம்.

வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏற்றாதீர்கள். வோல்டேஜ் திடீரென்று திரும்பி வந்தால் வேர் ஊற்றிவிடும். வேர் ஓட்டங்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், காற்றும் அப்போதுதான் குறைவு. மேல் ஓட்டத்தை மாலையில் செய்யலாம், அது கொஞ்சம் தாங்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லிசாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி வோல்டேஜ் பிரச்சினை அங்கே இருக்கும்.

6 மணி இடத்துக்கு: கம்பியை நுனியில் கொஞ்சம் வளைத்துக்கொண்டு ஊட்டிப் பாருங்கள். உங்கள் கண் பைப்புக்குக் கீழே வருகிறதா? படுத்துச் செய்ய வெட்கப்படக்கூடாது. 6ஜி டெஸ்டில் பைப்பை 45 டிகிரி சாய்த்து நிலையாகக் கட்டிவிடுவார்கள், அங்கே நாங்கள் தரையில் மல்லாந்து கிடந்துதான் செய்தோம்.

மண்டபம் பட்டறை:

பழைய ஹெட் ஒன்று சம்மாட்டியிடமே இருக்கிறது, கேட்டிருக்கிறேன். தாய்ப்பைப்பை இரண்டாகப் பிரித்து நடுவில் பெல்லோஸ் வைப்பது என்று முடிவு. கடைசியாக ஒன்று. எல்லாம் மாட்டியபிறகு சைலன்சர் பைப் சேரும் ஒரு ஜாயிண்டை எஞ்சின் ரூமுக்குள்ளேயே வைத்து ஆர்கான் வெல்டு செய்யவேண்டி வரும்போல. அதற்கு ஏதாவது தனியாகக் கவனிக்கவேண்டுமா?

கீழக்கரை 6ஜி:

முடிந்தவரை தவிருங்கள். அந்த ஜாயிண்ட்டையும் ஃபிளாஞ்சு போட்டு போல்ட்டில் முடிக்கப் பாருங்கள், நாளைக்குக் கழற்றவும் வசதி.

வேறு வழியே இல்லை என்றால்: ஆர்கான் கனம் என்று மேலே சொன்னேனே, அது போட்டின் அடித்தட்டில் போய்த் தேங்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை, மூச்சு முட்டுவதுபோலவும் தெரியாது, குனிந்து கீழே கம்பி எடுக்கப் போகும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். கப்புக்கும் பைப்பின் உள்ளே விடுவதற்கும் சேர்த்து நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அரைமணி நேரத்தில் 450 லிட்டர், பாதி எஞ்சின் ரூம் அடித்தட்டை மூட அது போதும். புளோயர் ஒன்றின் குழாயை அடித்தட்டு வரை இறக்கி, அங்கிருந்து இழுத்து வெளியே தள்ளுங்கள். மேலிருந்து உள்ளே ஊதினால் உங்கள் கப்பில் கேஸ் கலைந்துவிடும், இழுப்பதுதான் சரி. மேலே ஹேட்ச் வாயில் ஒரு ஆள் உங்களைப் பார்த்தபடியே நிற்கவேண்டும், அவர் டீ குடிக்கப் போனால் நீங்களும் ஆர்க்கை நிறுத்திவிட்டு ஏறி வாருங்கள். நீங்கள் விழுந்துவிட்டால் அவர் உள்ளே குதிக்கக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள், சிலிண்டரை மூடிவிட்டுப் புளோயரை உள்ளே காற்று அடிக்கத் திருப்பவேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால் மேலிருந்தே இழுத்துவிடலாம்.

டீசல் லைனை மூடி, அடித்தட்டில் கிடக்கும் எண்ணெய்த் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் ஆர்க் அடிக்கவேண்டும். பேட்டரி இரண்டு முனையும் கழற்றியிருக்கட்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் பைப்பிலேயே போடுங்கள், எஞ்சின் பிளாக்கில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கடித்து வைக்கும்.

தொண்டி டீசல்:

மாட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்லோவில் அரைமணி ஓட்டி, நிறுத்தி, முழுக்க ஆறியபின் ஃபிளாஞ்சு நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓரப் போர்ட் நட்டுகளை மட்டும் வெறிகொண்டு இறுக்கவேண்டாம், அது நகரவேண்டும் என்றுதானே ஓட்டையைப் பெரிதாக்கினோம். முதல் தடவை மீன்பிடிக்கப் போய் வந்ததும் இன்னொரு தடவை பாருங்கள். பைப்பில் சூடு மறைக்கக் கண்ணாடித்துணி சுற்றுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிவிட்டால் கசிவு இருந்தாலும் தெரியாது.